மாத்திரை அட்டையில் நோயாளிக்கும் ஒரு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அரசு மருத்துவமனைகளில் 33 வருஷம் மருந்தாளுநராக வேலை பார்த்து 2022-ல் ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் தென்காசி மாவட்டத்தில் ஒரு கிராமம். அரசு மருந்து தரமில்லாதது என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன். எனக்கே சர்க்கரை இருக்கிறது, நானும் அந்த மருந்தைத்தான் சாப்பிடுகிறேன். ஆனாலும் போன ஆவணி மாதம் என் அக்காவுக்கு நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அக்காவுக்கு 71 வயது. பன்னிரண்டு வயதில் பீடித் தட்டை மடியில் வைத்தவள், இன்னும் முழுசாக இறக்கி வைக்கவில்லை. அத்தான் தவறிய பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பல வருஷமாக உண்டு. மாதம் ஒரு தடவை பஸ் மாறி அரசு மருத்துவமனைக்குப் போய் மருந்து வாங்கி வருவாள். மகளிருக்கு இப்போது டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பது அவளுக்குப் பெரிய ஒத்தாசை. ஆனால் அன்றைக்குச் சுற்ற வேண்டிய பீடி போச்சு. அந்தக் கணக்கை எந்த இலவசமும் ஈடுகட்டாது.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாத்திரையை நிறத்தை வைத்துத்தான் அறிவாள். சின்ன ரோஸ் மாத்திரை சர்க்கரைக்கு, காலையில் சாப்பிடும் முன் ஒன்று. சின்ன வெள்ளை பிரஷருக்கு, காலையும் ராத்திரியும் சாப்பிட்ட பிறகு. பெரிய வெள்ளை இன்னொரு சர்க்கரை மாத்திரை. மஞ்சள் சத்து மாத்திரை, ஞாபகம் வந்தால் போடுவாள், இல்லையென்றால் இல்லை. இந்த நாலும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் கிடக்கும்.

ஆவணியில் வாங்கி வந்த மருந்தில், ரோஸாக இருந்த சர்க்கரை மாத்திரை வெள்ளையாக வந்திருக்கிறது. வெள்ளையாக இருந்த பிரஷர் மாத்திரை வெளிர் மஞ்சளாக வந்திருக்கிறது. மருந்து அதே மருந்துதான், அளவும் அதே அளவுதான். தயாரித்த கம்பெனி மட்டும் மாறியிருக்கிறது. டப்பாவில் முந்தைய மாத ரோஸ் மாத்திரை எட்டு பாக்கி இருந்தது. அக்கா என்ன செய்தாள்? வழக்கம்போல ரோஸ் ஒன்றைச் சாப்பாட்டுக்கு முன் போட்டாள். புதிதாக வந்த சின்ன வெள்ளையைப் பிரஷர் மாத்திரை என்று நம்பிக் காலையிலும் ராத்திரியிலும் போட்டாள். மஞ்சளைச் சத்து மாத்திரையோடு சேர்த்து ஒதுக்கிவிட்டாள். கணக்குப் பாருங்கள். கிளிபென்கிளமைடு என்னும் சர்க்கரை மருந்து ஒரு வேளைக்குப் பதில் ஒரு நாளைக்கு மூன்று முறை உள்ளே போயிருக்கிறது. பிரஷர் மருந்து ஒன்றுகூடப் போகவில்லை.

நாலாம் நாள் விடியற்காலை, பால் ஊற்ற வந்த பக்கத்து வீட்டுப் பெண்தான் பார்த்திருக்கிறாள். சேலை முழுக்க நனைந்து, ஆளைத் தெரியாமல், செத்துப்போன எங்கள் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள் அக்கா. 108 வந்தது. ஆஸ்பத்திரியில் பார்க்கும்போது சர்க்கரை 38, உயிருக்கே ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

பணியில் இருந்தவர் சின்ன வயது பெண் டாக்டர். அவர் கேட்ட முதல் கேள்வி, “என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?” பக்கத்து வீட்டுப் பெண் டப்பாவை நீட்டியிருக்கிறாள். உள்ளே இருந்ததெல்லாம் வெட்டிய துண்டுகள். ஒன்றில் மருந்துப் பெயரின் வால் மட்டும் இருந்தது. இன்னொன்றில் கம்பெனிப் பெயரின் தலை. காலாவதி தேதி எதிலும் இல்லை. பத்து மணிக்கு நான் போய்ச் சேர்ந்தேன். எத்தனையோ லட்சம் அட்டைகள் என் கை வழியாகப் போயிருக்கின்றன. நானே அந்தத் துண்டுகளைக் கட்டில்மேல் பரப்பி, கிழிந்த ரூபாய் நோட்டை ஒட்டவைப்பதுபோல ஓரம் சேர்த்துத்தான் பெயரைப் படித்தேன். படித்ததும் டாக்டரிடம் ஓடினேன். இந்த மருந்து உடம்பில் ரொம்ப நேரம் நிற்கும். குளுக்கோஸ் ஏற்றிச் சர்க்கரை ஏறிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினால் சாயங்காலம் மறுபடி இறங்கும், அதுவும் வயதானவர்களுக்கு. அந்த டாக்டர் அதைக் கேட்டதும் மூன்று நாள் வைத்துப் பார்த்தார். அன்று ராத்திரி முழுக்க நர்ஸ் வந்து விரலில் குத்திச் சர்க்கரை பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா இன்று உயிரோடு இருப்பதற்கு அவர்கள்தான் காரணம்.

நினைவு தெளிந்ததும் அக்கா கேட்டாள்: “வெள்ளை மாத்திரை பிரஷருக்குன்னுதானே தம்பி சொன்னாவ?”

ஆமாம், அப்படித்தான் சொன்னார்கள். போன மாதம்வரை அது உண்மையும்கூட.

நிறம் ஏன் மாறுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. அதற்கு முன் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், ஆயிரம் மாத்திரை கொண்ட டின்னிலிருந்து எண்ணி எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்போம். மிக்சருக்கு நோயாளியே பாட்டில் கொண்டு வர வேண்டும். கையில் பாட்டில் இல்லாதவர்கள் வாசலில் நின்று யாரிடமாவது கேட்டு வாங்கி வருவார்கள். மழைக்காலத்தில் மாத்திரை வியர்த்து ஒட்டிக்கொள்ளும். பாதி மாதம் மருந்தே இருக்காது. கழகம் வந்து மொத்தமாக டெண்டர் விட்டு, மூலப்பொருள் பெயரிலேயே வாங்கி, தரப் பரிசோதனை செய்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் எவ்வளவு மருந்து எடுக்கலாம் என்று கணக்கு வைக்கும் பாஸ்புக் போட்டுக் கொடுக்க ஆரம்பித்த பிறகு நிலைமை தலைகீழாக மாறியது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் இதே வழியில்தான் தங்களுக்கென்று கழகம் அமைத்தன. இதைச் சொல்லும்போது இன்றும் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் டெண்டர் என்றால் விலை குறைவாகக் கேட்டவருக்குத்தான் ஆர்டர். இந்த வருஷம் ஒரு கம்பெனி, அடுத்த வருஷம் வேறு கம்பெனி. ஒருவர் ரோஸ் நிறம் போடுவார், ஒருவர் போடமாட்டார். மருந்தின் குணத்துக்கு அது சம்பந்தமே இல்லை. டெண்டர் கமிட்டிக்கும் ஆடிட்டருக்கும் டாக்டருக்கும் எனக்கும் அதனால் ஒன்றுமில்லை. மாத்திரையை நிறத்தால் அறிகிறவர்களுக்கு மட்டும் அது உயிர்ப் பிரச்சினை. அவர்கள் யார் என்று பார்த்தால், வயதானவர்கள், படிக்காதவர்கள், பார்வை மங்கியவர்கள், தனியாக இருப்பவர்கள். இலவச மருந்தை நம்பி வருகிறவர்களில் இவர்கள்தான் அதிகம் என்று கவுன்ட்டருக்குள் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அப்புறம் இந்த வெட்டுகிற விஷயம். பதினைந்து மாத்திரை கொடுக்க வேண்டும், அட்டையில் பத்து இருக்கிறது என்றால் கத்தரிக்கோலை எடுப்போம். வெட்டும்போது பெயர் எந்தப் பக்கம் போகிறது, தேதி எந்தப் பக்கம் போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை. முன்பு சின்ன பிளாஸ்டிக் கவராவது கிடைக்கும், அதன்மேல் பேனாவால் ‘1-0-1’ என்று எழுதுவோம், காலையில் ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று என்று அர்த்தம். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்தது. நல்லதுதான். ஆனால் அதற்குப் பதிலாகக் காகிதக் கவர் எங்கள் கவுன்ட்டருக்கு ஒழுங்காக வந்ததே இல்லை. வெட்டிய துண்டுகளை நோயாளியின் முந்தானையில்தான் போட்டோம். ‘1-0-1’ என்று எழுதினாலும் என் அக்காவுக்கு அது என்ன புரிந்திருக்கும்?

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். காலை 8 மணியிலிருந்து 12 மணிவரை புறநோயாளிகள். நான் ஒற்றை ஆளாக நின்ற நாட்களில் 400 சீட்டு வரும். ஒருவருக்கு 36 விநாடி. அதற்குள் சீட்டைப் படிக்க வேண்டும், ஐந்து மருந்து எடுக்க வேண்டும், வெட்ட வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், எப்படிச் சாப்பிடுவது என்றும் சொல்ல வேண்டும். மருந்தாளுநர் நோயாளிக்கு ஆலோசனை சொல்லியாக வேண்டும் என்று 2015-ம் ஆண்டு மருந்தியல் தொழில் ஒழுங்குமுறை விதி சொல்கிறது. விதி சரி, நேரம் எங்கே இருக்கிறது? “காலைல ஒண்ணு, நைட்டு ஒண்ணு, அடுத்து வாங்க.” இதுதான் என் 33 வருஷத்து ஆலோசனை.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. வெள்ளை வேட்டி கட்டி வந்தவரிடம் “இதைச் சாப்பிட்டுட்டுப் போடுங்க சார்” என்று சொன்ன அதே வாய், பீடி வாசனையோடு வந்த பெண்களிடம் “இந்தா, பிடி, நகரு” என்றுதான் சொன்னது. அப்படி அதட்டப்பட்டவர்கள் சந்தேகம் கேட்கமாட்டார்கள். கேட்டால் திட்டு விழும் என்று தெரியும். அக்காவிடம் “நிறம் மாறியிருக்கே, அங்கேயே கேட்டிருக்கலாமே?” என்று கேட்டேன். “கேட்டா ஏசுவாவ தம்பி” என்றாள். அவளுக்கு மருந்து கொடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. அந்த இடத்தில் நானே நின்றிருக்கிறேன்.

போன வருஷம் என் சம்பந்தியைத் திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு நர்ஸ் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு மாத்திரையாக எடுத்துக் காட்டி, சூரியன் படமும் நிலாப் படமும் போட்ட தாளில் ஒட்டிக் கொடுத்தார். “இப்ப நீங்க சொல்லுங்கப்பா, ராத்திரிக்கு எது?” என்று திருப்பிக் கேட்டார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். சம்பந்தி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அவருக்கு அந்தத் தாள் இல்லாமலேயே புரிந்திருக்கும். அந்தத் தாள் யாருக்குத் தேவையோ அவர் கையில் அது இல்லை.

இதற்குப் பெரிய பணமோ பெரிய திட்டமோ தேவையில்லை. அரசு மருந்து அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ‘தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல’ என்று அச்சடித்திருக்கும், அரசு முத்திரையும் இருக்கும். எந்தக் கம்பெனி தயாரித்தாலும் அந்த வரியைப் போட்டே தீர வேண்டும். மருந்து வெளிக் கடைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடு. ஆக, அட்டையில் என்ன அச்சடிக்க வேண்டும் என்று கம்பெனிக்குச் சொல்லும் அதிகாரம் ஏற்கெனவே இருக்கிறது. அரசின் பொருளைக் காப்பாற்ற ஒரு வரி போட்டாயிற்று. அதைச் சாப்பிடுகிறவரைக் காப்பாற்ற இன்னொரு வரி போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். மாத்திரையின் நிறம் எப்படியும் இருக்கட்டும். சர்க்கரை மருந்து என்றால் அட்டையின் பின்பக்கம் ஒரு நிறப் பட்டை, ரத்தக்கொதிப்பு மருந்து என்றால் வேறு நிறப் பட்டை. ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் ‘சர்க்கரை’ ‘பிரஷர்’ என்று தமிழில் ஒரு சொல், அதன் கீழே மருந்தின் பெயர். எங்கே வெட்டினாலும் அது கூடவே போகும். வருஷா வருஷம் கம்பெனி மாறினாலும் பட்டை மாறாது.

இது நடக்காத காரியம் இல்லை. இரும்புச்சத்து மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு ரோஸ், வளரிளம் பருவத்தினருக்கு நீலம், கர்ப்பிணிகளுக்குச் சிவப்பு என்று நாடு முழுவதும் நிறம் பிரித்துத்தானே தருகிறார்கள். காசநோய்க்கு டாட்ஸ் முறை, அதாவது ஒருவர் கண்ணெதிரிலேயே மாத்திரையை விழுங்க வைக்கும் முறை, வந்த காலத்தில், ஒவ்வொரு நோயாளிக்கும் அவர் பெயர் எழுதிய தனிப் பெட்டி இருக்கும். முதல் முறை சிகிச்சைக்குச் சிவப்புப் பெட்டி, மறு சிகிச்சைக்கு நீலப் பெட்டி. முழுக் கோர்ஸும் அதற்குள். அந்தப் பெட்டியைக் காட்டி “இது எனக்குள்ளது” என்று நோயாளிகள் உரிமையோடு சொல்லிக் கேட்டிருக்கிறேன். கருத்தடை மாத்திரை அட்டையில்கூட 21 ஒரு நிறம், 7 வேறு நிறம். படிக்காத பெண்ணும் தப்பில்லாமல் சாப்பிடட்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டிய சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மட்டும் யாரும் யோசிக்கவில்லை. 2023 ஆகஸ்டிலிருந்து முந்நூறு பிராண்டு மருந்துகளில் கியூஆர் கோடு போட வேண்டும் என்று மத்திய அரசு சொன்னது. போலி மருந்தைக் கண்டுபிடிக்க அது உதவும். ஆனால் அதைப் பார்க்க ஸ்மார்ட்போன் வேண்டும். என் அக்காவுக்கு அவள் கண்ணும் விரலும்தான் உண்டு.

அந்தக் கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்த மறுநாள், படம் போட்டு எழுதிக் காட்டலாம் என்று நான் தாளும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்கிக்கொண்டு போனேன். சூரியன் வரைந்தேன், நிலா வரைந்தேன். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தாள் ஈரத்துல போயிரும் தம்பி” என்று சொல்லிப் பீடித் தட்டிலிருந்து நூல்கண்டை எடுத்தாள். ஒரு கம்பெனிக்கு ஒரு நிற நூல் என்று ஐம்பது வருஷத்துக்குமேல் பார்த்துப் பார்த்துச் சுற்றியவள் அவள். இருட்டிலும் நூலைத் தப்பாக எடுத்ததில்லை. “சீனிக்கு இது, பிரஷருக்கு இது, நீ கட்டிக் குடுத்துரு. ராத்திரிக்கும் உண்டும்னா ரெண்டு முடிச்சு.” ஒவ்வொரு அட்டையாகச் சுருட்டி, சிவப்பு நூலும் பச்சை நூலும் போட்டுக் கட்டினோம். இப்போது எந்த நிறத்தில் மாத்திரை வந்தாலும் நூல்தான் கணக்கு. கார்த்திகையில் ஒரு மாத்திரை மறுபடி நிறம் மாறி வந்தது, பிசகவில்லை. 33 வருஷம் படித்தும் பார்த்தும் எனக்கு வராத யோசனை அது. அவளை யாராவது உட்கார வைத்து “உனக்கு எப்படிச் சொன்னால் நிற்கும்?” என்று பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சுயஉதவிக் குழுப் பெண்கள் வீடு வீடாகச் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் வந்தது. எங்கள் ஊருக்கு வரும் தன்னார்வலப் பெண்ணும் தங்கமானவர். அவர் பையிலிருந்து மருந்து எடுத்துக் கொடுக்கும்போது வீட்டிலுள்ள டப்பாவையும் ஒருமுறை திறந்து பார்க்கட்டும். பழைய மாத்திரை பாக்கி இருக்கிறதா, ஒரே மருந்து இரண்டு நிறத்தில் கிடக்கிறதா என்று பார்த்தால் போதும். அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து வாங்குவதால் அந்தப் பட்டியலில் இல்லை. யார் எங்கே மருந்து வாங்கினாலும் டப்பா வீட்டில்தானே இருக்கிறது?

கவுன்ட்டரில் ஆள் கூட்ட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதுவரைக்கும் ஒன்று செய்யலாம். என்னைப்போல ஓய்வுபெற்ற மருந்தாளுநர்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறோம். சர்க்கரை நோயாளிகள் வரும் நாட்களில், மருந்து வாங்கி வருகிறவர்களை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, டப்பாவைத் திறந்து பார்த்து, எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டு அனுப்ப எங்களால் முடியும். சம்பளம் வேண்டாம். மருத்துவமனைக்குள் ஒரு பெஞ்ச், ஒரு கத்தரிக்கோல், நாலு நிற நூல்கண்டு போதும். இதைக் கேட்டு உரிய இடத்தில் மனு கொடுத்து ஏழு வாரம் ஆகிறது. பதில் வரவில்லை. உங்கள் பத்திரிகையில் இந்தக் கடிதம் வந்தால், அந்த மனுவை யாராவது எடுத்துப் பார்ப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். தை பிறந்ததும் அக்காவோடு மருந்து வாங்கப் போகிறேன். அனுமதி கிடைத்தால் அன்றைக்கே உட்கார்ந்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
தென்காசி மாவட்டம்.